விடியற்காலை நாலு மணி பஸ்

அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சேலை, ரேஷன் கார்டு, அப்பாவின் போட்டோ. அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் மைதாப் பசை காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. முதல் பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் “முன்பணம் ரூ.300” என்று எழுதியிருந்தது. கீழே அம்மாவின் கைநாட்டு. வருஷம் 1983. அடுத்த திங்கட்கிழமைதான் அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தினாள்.

அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “இதையா இம்புட்டு வருஷம் வச்சிருந்தா?” என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, மல்லி. பெய்யாவிட்டால் தீப்பெட்டி. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் பழகிவந்து, அடுத்த வருஷம் தீப்பெட்டி போட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி என்று பரவிய தொழில் இது. மருந்து முக்கிய குச்சி சீக்கிரம் காய வேண்டும். அதற்கு வறண்ட வானம் தேவை. விவசாயியைக் கெடுத்த அதே வானம்தான் இந்தத் தொழிலுக்கு முதல். கூலிக்கு ஆளும் அந்த வானமே தேடிக் கொடுத்தது.

தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். பின்னால் எனக்கு அரசுப் பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தபோது அம்மாவுக்கு இரண்டு ஆபீஸ் ஆகிவிட்டது. அக்கா போவது குச்சி ஆபீஸ், நான் போவது பேனா ஆபீஸ்.

அந்த முன்னூறு ரூபாய் அப்பாவின் காலுக்கு. மாட்டுவண்டியிலிருந்து விழுந்து முட்டிக்குக் கீழே முறிந்துவிட்டது. மூன்று மாதம் படுக்கை. காட்டு வேலையும் இல்லை, அந்த வருஷம் மழையும் இல்லை. ஆபீஸ்காரர்கள் வட்டியில்லாமல் கொடுத்தார்கள். ஊரில் வேறு யாரும் வட்டியில்லாமல் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அது தர்மம் மாதிரியே தெரிந்தது. நிபந்தனை ஒன்றுதான்: வீட்டிலிருந்து ஓர் ஆள் வேலைக்கு வர வேண்டும். அம்மா அப்பாவை விட்டு நகர முடியாது, வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவாள். எனக்கு வயது ஆறு, விரல் பத்தாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஒன்பது. நாலாம் வகுப்பு.

விடியற்காலை நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் வந்து ஊர் முனையில் ஹாரன் அடிக்கும். அதற்கு முன்னாலேயே, ஆள் எழுப்பிவிடுகிறவர் தெருத் தெருவாகக் கதவைத் தட்டிக்கொண்டு வருவார். அக்காவைத் தூக்கத்திலேயே நிறுத்தி, முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிடுவாள் அம்மா. தூக்குவாளியில் பழைய கஞ்சி, ஒரு துண்டு ஊறுகாய். திரும்பி வர இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை தவிர அக்காவை வெளிச்சத்தில் பார்த்த ஞாபகம் எனக்கு அதிகம் இல்லை.

ஒரு லீவு நாளில் என்னையும் கூட்டிப்போனாள். நீளமான கொட்டகை. தரையில் வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு மரச்சட்டம். சட்டத்தில் வரி வரியாகப் பள்ளம் வெட்டிய ரீப்பர்கள். ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. கை நிறையக் குச்சியை அள்ளி, பெருவிரலால் தள்ளித் தள்ளி அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு சட்டம் நிறைய ஆயிரக்கணக்கில் குச்சி பிடிக்கும். நிறைந்ததும் இறுக்கி, மருந்து முக்க எடுத்துப் போவார்கள். எத்தனை சட்டமோ அத்தனை காசு. அக்கா சட்டத்தைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே அடுக்கினாள். நான் எண்ணிப் பார்க்க முயன்று தோற்றேன். அந்த விரல்களில் இன்னும் ஒரு வளைவு இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கும்போது தெரியும்.

நாளுக்கு நாலு ரூபாய், ஐந்து ரூபாய் கொண்டுவருவாள். வீட்டில் அம்மா ஒட்டும் பெட்டிக்கு குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில் நானும் ஒட்டுவேன். பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். பூச்சி அரிக்காது, பசிக்கிற பிள்ளைகளும் வழித்துத் தின்னாது.

நான் பள்ளிக்கூடம் போனேன். படிப்பு ஆசை என்றெல்லாம் சொல்ல முடியாது. மத்தியானம் சோறு போட்டார்கள், போனேன். காமராஜர் காலத்தில், 1956இல், மதிய உணவு ஆரம்பமானது எங்களுக்குப் பக்கத்து எட்டயபுரத்தில்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1982இல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். சத்துணவு வந்த அடுத்த வருஷமே அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள் என்பதுதான் எனக்குத் தீராத வருத்தம். ஒரு வேளைச் சோறு என்னைப் பள்ளியில் நிறுத்திவைக்கப் போதுமானதாக இருந்தது. அவளை நிறுத்த அது போதவில்லை. என் சோறு மிச்சமானால் வீட்டுக்கு லாபம். அவள் சம்பளம் நின்றால் எங்கள் மூன்று பேருக்கும் சோறு கிடையாது.

‘பெற்ற பிள்ளையை இப்படி அனுப்ப எப்படி மனசு வந்தது’ என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தக் கணக்கைத்தான் சொல்வேன். அம்மாவுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கணக்கு தெரிந்ததால்தான் அனுப்பினாள். பள்ளிக்கூடம் கொடுக்கப்போவது பன்னிரண்டு வருஷம் கழித்து. அரிசிக்காரர் கேட்பது இந்தச் சனிக்கிழமை. அதுவும் ஊரில் ஐந்தாவது படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் மாடு மேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். “அஞ்சாவது படிச்சவனும் மாடுதான் மேய்க்கான், படிக்காதவனும் மாடுதான் மேய்க்கான்” என்பார் தாத்தா. அவர் சொன்னதில் தப்பில்லை. ஐந்தாவதோடு நிற்பது பாதிக் கிணறு தாண்டுகிற வேலை. பத்தாவது, பன்னிரண்டாவது, அதற்கு மேலே ஒரு தொழிலோ பட்டமோ என்று போனால்தான் படிப்பு காசாகத் திரும்பி வரும். முழுக் கிணறையும் தாண்டிய ஒருவரைக்கூடப் பார்க்காத ஊரில் யார் முதலில் குதிப்பார்கள்?

நோட்டுக்கு வருகிறேன். முன்னூறு ரூபாய் எப்போது தீர்ந்தது என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். தீரவே இல்லை. 260, 210, அப்புறம் தீபாவளிக்கு 100 சேர்ந்து 310. அக்கா பெரியவள் ஆன சடங்குக்கு 200. ஒழுகிய கூரைக்கு 150. பாட்டி காரியத்துக்கு 250. 1990இல் பாக்கி 1,150. வட்டி கிடையாது, உண்மைதான். ஆனால் பக்கத்து ஆபீஸில் ஒரு மரச்சட்டத்துக்குப் பத்துப் பைசா கூடுதலாகக் கொடுத்தபோது அக்கா அங்கே போக முடியவில்லை. கூலியை உயர்த்திக் கேட்கவும் முடியவில்லை. அந்தப் பத்துப் பைசாதான் வட்டி. நோட்டில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வறுமை என்றால் காசு இல்லாமை என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டில் காசு வராமல் இல்லை, வாராவாரம் வந்தது. கையில் மிச்சம் நிற்காததுதான் எங்கள் வறுமை. ஒரு கால் முறிந்தால் தாங்க ஒன்றும் கிடையாது. அப்போது கையெழுத்துப் போட்ட விலை பத்து வருஷம் ஓடும்.

தண்டல்காரர் கணக்கும் அப்படித்தான். ஆயிரம் ரூபாய் என்று எழுதி, நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கொடுப்பார். வாரம் நூறாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். “நூறு ரூபாதானே, போனாப் போகுது” என்பாள் அம்மா. பி.காம் படித்தபோது ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முழுத்தொகையும் பத்து வாரம் நம் கையில் இருப்பதில்லை, ஒவ்வொரு வாரமும் குறைகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தொடுகிறது. அம்மாவிடம் சொன்னேன். “சரி, அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுத?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சதவீதம் தெரிந்திருந்தால் மட்டும் தண்டல் வாங்காமல் இருந்திருக்க முடியாது.

2013இல் ஓர் ஆய்வு வெளியானது. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்தில் ஒரு முறையும், அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு முறையும் புதிர்க் கணக்குகள் போடச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அதே ஆள், அதே மூளை; காசில்லாத நேரத்தில் மதிப்பெண் குறைவு. படித்தபோது அம்மாவின் வெள்ளிக்கிழமை முகம் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை கூலி. வெள்ளிக்கிழமை அவள் பெட்டியைத் தப்பாக எண்ணுவாள், உலையில் இரண்டு தடவை உப்புப் போடுவாள், என்னைக் காரணமில்லாமல் அடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதே அம்மா விடுகதை போடுவாள். ஏழைகளுக்கு யோசித்து முடிவெடுக்கத் தெரியாது என்று பேசுகிறவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை அம்மாவைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

குடிதான் காரணம் என்றும் சொல்வார்கள். குடியால் அழிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் அப்பா குடித்ததில்லை. பீடிகூடக் கிடையாது. எங்கள் வீட்டிலும் அதே நோட்டுதான் இருந்தது.

நான் பத்தாவதை 1992இல் முடித்தேன், பன்னிரண்டாவதை 1994இல். நல்ல மதிப்பெண். ஊரில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கல்லூரி என்றால் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதுபோலத் திறக்கும், போய் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூன் கடைசியில் அப்பாவோடு போனபோது, விண்ணப்பம் வாங்கும் தேதி முடிந்து பல வாரம் ஆகிவிட்டது என்றார்கள். “சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இருக்கிறதா?” என்று கேட்டார் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர். இரண்டும் இல்லை. “அடுத்த வருஷம் பார்க்கலாம்மா.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் நானும் நாலு மணி பஸ்ஸில் ஏறினேன். ஒரு வருஷம் லேபிள் ஒட்டினேன்.

அந்த வருஷம் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துபோயிருந்தது. கூலி வர வர வீட்டுக்கு அது பழகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். திரும்பவும் கல்லூரி என்று பேச்செடுத்தது நான் இல்லை, அக்கா. அவளுக்கு அப்போது கல்யாணம் ஆகி ஒரு வருஷம். எங்கள் ஊருக்கே வாழ்க்கைப்பட்டு, அதே ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏப்ரல் மாதமே வந்து, “இந்தத் தடவை தேதிய விட்டுறாத” என்றாள். தாலுகா ஆபீஸுக்கு நாலு நாள் அலைந்தோம். ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி போனது. முதல் வருஷக் கட்டணத்துக்குத் தன் கம்மலை அடகு வைத்தாள். நான் படித்து முன்னேறிய கதையைப் பள்ளி ஆண்டுவிழாவில் பேசச் சொல்லி இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். மறுத்துவிட்டேன். ‘கஷ்டப்பட்டுப் படித்தேன்’ என்று மைக்கில் சொன்னால், கஷ்டப்பட்டது யார் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டி வரும்.

பட்டம் முடித்து, தட்டச்சு கற்று, தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதி வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மேஜை பள்ளி அலுவலகத்தில் ஜன்னல் ஓரம். ஆசிரியர்கள் வகுப்பில் பார்க்காத ஒன்றை நான் தினமும் பார்க்கிறேன்: பிள்ளைகள் எந்த இடத்தில் நழுவுகிறார்கள் என்பதை. டி.சி. கேட்டு வருகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

என் மேஜை முன்னால் நின்ற பெற்றோரில் ‘படிப்பு வேண்டாம்’ என்று சொன்னவர்கள் அபூர்வம். சொல்வதெல்லாம் வேறு. “ஒரு வருஷம் போகட்டும் டீச்சர், அடுத்த வருஷம் சேர்த்துக்கிடுதோம்.” நான் டீச்சர் இல்லை, இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ‘ஒரு வருஷம்’ எனக்குத் தெரியும், லேபிள் ஒட்டியிருக்கிறேன். ஆகவே டி.சி.யை உடனே எழுதுவதில்லை. உட்காரச் சொல்லி, என்ன செலவு வந்தது என்று கேட்பேன். பத்தில் ஏழு தடவை பதில் பெரிய தொகையாக இருக்காது. ஒரு ஆபரேஷன், ஒரு சடங்கு, தவணை கட்டாத பைக். சில நேரம் பிள்ளையை விடுதியில் சேர்த்தால் தீர்ந்துவிடும். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு அரசு நடத்தும் விடுதிகள் பக்கத்திலேயே இருக்கும், அவர்களுக்குத் தெரியாது. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்றதும் முகம் மாறும்.

எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், எல்லோரும் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. அக்காவின் நாலு ரூபாய்க் கூலிக்கு எதிரே வைக்க அன்று எங்களிடம் ஒன்றுமில்லை. இன்று மாதம் ஆயிரம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில்தான் நிறையப் பேர் நழுவுகிறார்கள் என்பதால் அது சரியான நேரத்தில் வருகிற பணம். ஆனால் தேறிய பிள்ளைகளிலேயே சிலருக்கு இரண்டாம் வருஷம் பணம் வராது. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும் என்று தெரியாமல் விட்டிருப்பார்கள். நான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறேன், தேதி வந்ததும் வகுப்புக்கே போய்க் கூப்பிட்டுவிடுவேன்.

இன்னொரு எமன் இனிஷியல். சிரிக்க வேண்டாம். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு விதமாக, வங்கிக் கணக்கில் பெயரே வேறு எழுத்துக்கூட்டலில். உதவித்தொகை இந்த நாலு தாளும் ஒத்துப்போனால்தான் வந்து விழும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே நாலையும் ஒரே தரையில் பரப்பிவைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. கூடவே பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்து, வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பத்து ரூபாய் போட்டு எடுங்கள். பயன்படுத்தாத கணக்கு முடங்கிப்போய், வந்த பணம் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பத்தாவதில் தோற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிவு வந்த மறுநாளே ஸ்பின்னிங் மில்லுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். துணைத்தேர்வு சில வாரத்திலேயே வரும். அதே வருஷம் பதினொன்றில் சேர்ந்துவிடலாம். அந்தச் சில வாரம் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் போதும். ஒரு பாடத்தில் தோற்ற பையனை மில்லுக்கு அனுப்பிவிட்டு, மூன்று வருஷம் கழித்துத் தனித்தேர்வு எழுதலாமா என்று கேட்டு வந்த அம்மாக்கள் எனக்கு நிறையப் பழக்கம். எழுதலாம், சட்டப்படி தடையில்லை. பையன் உட்கார மாட்டான்.

கல்லூரியின் முதல் மாதம்தான் கடைசிக் கண்ணி. உதவித்தொகை எல்லாம் வரும், ஆனால் மெதுவாக வரும். ஜூன், ஜூலையில் சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், பஸ் பாஸ், இரண்டு நல்ல உடுப்பு என்று எல்லாம் ஒன்றாகக் கேட்கும். அந்த இடைவெளியில்தான் தண்டல்காரர் நுழைவார். பதினொன்றாம் வகுப்புத் தொடங்கும்போதே வங்கியில் இரண்டு வருஷத்துக்கு மாதாந்திரச் சேமிப்புக் கணக்கு ஒன்று போடச் சொல்லி நான் எல்லோரையும் நச்சரிப்பேன். மாதம் 300 போட்டால் இரண்டு வருஷத்தில் 7,200. அந்த ஒரு மாதத்தை ஓட்ட அது பெரிய துணை. பெரிய படிப்பு என்றால் வங்கியில் கல்விக்கடன். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. மேலாளர் கையை விரித்தால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல நேரம் பேச்சு மாறுகிறது.

படித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீடு தேடி வந்து, கையில் டேப்லெட்டோடு “சீட் கன்பர்ம் அண்ணே” என்று பேசிய ஏஜென்ட்டை நம்பி, எங்கோ ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த பையன்கள் இருக்கிறார்கள். கடன் இருக்கிறது, ஐந்தாறு பேப்பர் அரியர் இருக்கிறது, கோயம்புத்தூரில் சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள். அதே தெருவில் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் முதல் மாதத்திலிருந்து சம்பளம் அனுப்புகிறான். பட்டம் என்கிற பெயருக்காகக் கடன் வாங்காதீர்கள் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ‘உன் வீட்டுப் பிள்ளை மட்டும் இன்ஜினியர் ஆகணுமா?’ என்று ஒருவர் கேட்டேவிட்டார். நியாயமான கேள்விதான்.

ஏனென்றால் அக்காவின் மூத்த மகள் இன்ஜினியர். 2014இல் பன்னிரண்டாவது முடித்தாள். எங்கள் வீட்டில் எனக்கிருந்த ஒரே சொத்து, எந்தத் தாள் எந்த ஜன்னலில் கிடைக்கும் என்ற அறிவு. அதை முழுசாக அவளுக்காகச் செலவழித்தேன். அரசுக் கல்லூரி கிடைத்தால் மட்டும் இன்ஜினியரிங், இல்லையென்றால் பி.எஸ்சி. என்று முன்பே பேசி வைத்துக்கொண்டோம். கவுன்சலிங்கில் கிடைத்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்திருந்தது. அதற்கான சான்றிதழை மே மாதமே வாங்கி வைத்துவிட்டேன். அது வீட்டுக்கு ஒருவருக்குத்தான். இளையவள் 2022இல் பன்னிரண்டாவது முடித்தபோது அந்தச் சலுகை கிடையாது, ஆனால் அந்த வருஷம் செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம். பதினொன்றாம் வகுப்பில் அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமென்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். அன்று அக்கா மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த ஆயிரம் போயிருக்கும்.

ஆபீஸும் மாறிவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலையில் வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்ன பிறகு கெடுபிடி கூடியது. சிறப்புப் பள்ளிகள் வந்தன. அப்புறம் மெஷின் வந்தது. பெட்டி ஒட்டுகிற வேலை வீடுகளை விட்டுப் போனது. பதினாலு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது, நினைவிருக்கும். எந்தக் காரணம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சட்டமும், சோறும், மெஷினும், பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்து வேலைக்குப் போனதும் எல்லாம் சேர்ந்துதான் அந்த நாலு மணி ஹாரன் பிள்ளைகளைக் கூப்பிடுவதை நிறுத்தியது.

அக்கா இப்போது பேரனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். அடுப்படிச் சுவரில் சிவகாசி தினசரிக் காலண்டர் பக்கத்திலேயே ஒரு மாதக் காலண்டரும் தொங்கும். அதில் சிவப்பு மையில் வட்டம் வட்டமாக இருக்கும். மகள்கள் படித்த காலத்தில் என்னிடம் கேட்டுக் கேட்டுப் போட ஆரம்பித்த பழக்கம்.

போன வாரம் ராத்திரி போன் செய்தாள். “ஏ பிள்ள, எதுத்த வீட்டுப் பாப்பாவுக்கு இப்ப எட்டாவதாம்லா. அந்தப் பரீட்சைக்கு என்னைக்குள்ள எழுதிக் குடுக்கணும்?”

சொன்னேன்.

“இரு, குறிச்சுக்கிடுதேன். இந்தப் பேனாவ எங்க போட்டான் இந்தப் பய...” என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். நான் காத்திருந்தேன். டப்பாக்களை உருட்டும் சத்தம் கேட்டது.